டெல்டா ஈரமும் துப்பாக்கித் துருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் 17 வருஷம் இருந்தேன். அதில் பாதி கோத்தில், அதாவது ஆயுத அறையில் போனது. வெளியே வந்தபின் ஒரு வங்கிக் கிளை வாசலில் இரட்டைக் குழலோடு சில வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போது மன்னார்குடிக்குத் தெற்கே வயல் பார்க்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் யாராவது ஒருவர் போன் போட்டு, "அண்ணே, குழலெல்லாம் செம்பட்டையாக் கிடக்கு, என்ன செய்யலாம்?" என்பார். கேட்பவர்தான் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். உரிமம் உள்ள 12 போர் (குழல் அளவைச் சொல்லும் எண்) தோட்டாத் துப்பாக்கிக்கும், பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று வைத்திருக்கும், வாய்வழியே கருமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் மட்டுமே இது பொருந்தும்.

வாங்கி வைத்ததோடு சரி, ஒரு தடவைகூடச் சுடவில்லை. பிறகு எப்படித் துரு வந்தது?

சுடாததால்தான் வந்தது. சுட்டவர் அன்றைக்கு ராத்திரியே குழலைத் துடைத்துவிடுவார். சுடாதவர் உறையைத் திறந்தே பார்ப்பதில்லை.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெறும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலையில் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதோடு உப்பும் சேர்கிறது. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரத்தில்தான் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடிப் பக்கம் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறதே, அது இந்தச் சமாசாரம்தான். அந்தப் பிசுபிசுப்பு குழல்மேல் படிந்துவிட்டால் சித்திரை வெயிலிலும் அது ஈரமாகவே இருக்கும்.

கை வியர்வையும் உப்புதான். உறவுக்காரர் வந்தபோது எடுத்துக் காட்டிவிட்டு அப்படியே உள்ளே வைத்திருப்பீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் பிடித்த இடத்தில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

துடைக்க உட்காருவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்று தெரிந்திருந்தாலும் பார்க்க வேண்டும். குழலை மடக்கித் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் திறந்து பார்க்க வழியில்லை. அதற்குக் கெட்டிக்கிற கம்பிதான் சாட்சி. கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய்மட்டத்தில் நகத்தால் பிடித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை வெளியே எடுத்து, அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். கம்பியின் நுனி, கேப் (சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் இடத்துக்கு நேராக வந்தால் குழல் காலி. நாலைந்து விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் கெட்டித்துவிட்டு மறந்ததாகவும் இருக்கலாம். அதை நீங்களே எடுக்கப் பார்க்காமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, குளவி. சுவர் மூலையில் மண்கூடு கட்டுகிற அதே குளவி குழல் வாயிலும் கட்டும். என் மாமனார் துப்பாக்கியை அடுப்படிப் பரணுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார். ஒரு தை மாதம் அதை இறக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கம்பியால் தட்டியதும் ஒரு பிடி களிமண்ணும் பச்சைப் புழுக்களும் கொட்டின. அதைப் பார்க்காமல் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். துடைத்த துணி உள்ளேயே சிக்கிக்கொண்டாலும் கதி அதேதான்.

12 போர் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் முறை என்ன?

கால் மணி நேர வேலை. முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுங்கள். கம்பியை எப்போதும் தோட்டா போடும் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகவே விட வேண்டும். வாய்ப் பக்கமிருந்து விட்டால் அழுக்கெல்லாம் தோட்டா அறைக்கும், சுடும் பொறிக்கும் வந்து சேரும், வாயின் ஓரமும் தேயும்.

முதலில் வெண்கலக் கம்பி பிரஷ்ஷில் சுத்தம் செய்யும் திரவம் தொட்டு, பத்துப் பதினைந்து தடவை ஓட்டுங்கள். பாதி வழியில் பிரஷ்ஷைத் திருப்பாதீர்கள். ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் வெளியே வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். உள்ளே சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தெரிவது ஈயம். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தக்கை உரசியதும் ஒட்டியிருக்கும். பத்து நிமிஷம் ஊறவிட்டு மறுபடி பிரஷ் போட்டால் வந்துவிடும். பிறகு சிந்தி. ராணுவத்தில் துடைக்கும் துணியை அப்படித்தான் சொல்வோம். பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும், நைலான் கலந்தது வேண்டாம். துணி கறுப்பாக வரும், அப்புறம் சாம்பலாக வரும், கடைசியில் வெள்ளையாக வரும். அதுவரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நல்ல குழலில் வெளிச்சம் வளையம் வளையமாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரி மின்னும்.

பலர் குழலோடு நிறுத்திவிடுகிறார்கள். தோட்டா அறையின் விளிம்பு, எஜக்டருக்கு (சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் பகுதி) அடிப்பக்கம், குழல் வந்து உட்காரும் தட்டையான பகுதி, தோட்டாவை அடிக்கும் ஊசி வெளிவரும் துளை ஆகிய நாலு இடத்திலும்தான் துரு முதலில் குடியேறும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். கீல் ஊசியில் பட்டாணி அளவு கிரீஸ். உள்பொறியின் திருகுகளைத் தொடாதீர்கள். வீட்டு ஸ்க்ரூடிரைவரால் திருகி, திருகுத் தலையின் காடியைச் சிதைத்த துப்பாக்கிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி பழுதுபார்க்க ஆயுதச் சட்டம் 1959 படி தனி உரிமம் வேண்டும். தெருமுனை லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது குற்றம்.

கடைசியில் எண்ணெய். துணியில் நாலு சொட்டு விட்டுக் கசக்கிப் பிழிந்து, அந்தத் துணியால் துடைத்தால் போதும். தடவியது தெரியக் கூடாது, தொட்டால் மட்டும் வழுக்க வேண்டும். அடுத்த முறை சுடுவதற்கு முன் குழலுக்குள் இருக்கும் எண்ணெயைக் காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

கருமருந்துத் துப்பாக்கிக்கு வெந்நீர் ஊற்றச் சொல்கிறார்கள். இரும்பில் தண்ணீரா?

ஆமாம், தண்ணீரேதான். இந்த ஒரு விஷயத்தில்தான் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, திடக்கழிவாகத்தான் மாறும், அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடும். அது பொட்டாசியம் உப்புகள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, ஒரே ராத்திரியில் துருவைக் கிளப்பிவிடும். பழைய வகைக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாக மாறும். வயலுக்குப் பொட்டாஷ் என்று வாங்கிப் போடுகிறோமே, அதே சரக்கு. மழைக்காலத்தில் பொட்டாஷ் மூட்டை கட்டிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குழலுக்குள் தூவி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்புமேல் எண்ணெய் தடவினால் உப்பைப் பத்திரமாக மூடி வைத்ததுதான் மிச்சம்.

குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, சோப்பு கலந்த வெந்நீரை உள்ளே விட்டுப் பிரஷ் போட்டுக் கொட்டுங்கள். கறுப்பு மை மாதிரி வரும், அழுகிய முட்டை வாசனை அடிக்கும், அது கந்தகம். தண்ணீர் தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் கொதிக்கக் கொதிக்க ஒரு சொம்பு ஊற்றுங்கள். குழல் சூடாகித் தன் சூட்டிலேயே ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போட்டுவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால், வருவதற்குள் மஞ்சளாகப் பூத்திருக்கும்.

கடலோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் போடலாமா? தாத்தா அதைத்தானே போட்டார்?

தாத்தா வாரா வாரம் துடைத்தார், அதனால் தப்பித்தார். தாவர எண்ணெய்கள் நாள்பட்டால் காற்றுப் பட்டுக் காறிப்போய் அமிலம் சேரும், பல எண்ணெய்கள் பிசினாகவும் இறுகும். நல்லெண்ணெய் தடவிய பொறியைத் திறந்தால் உள்ளே அல்வா மாதிரி இருக்கும், சுத்தியல் நகராது.

தையல் மிஷின் எண்ணெய் நல்லதுதான், ஆனால் மெல்லிசு. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். துப்பாக்கிக்கென்றே வரும் எண்ணெய் கிடைத்தால் அதுவே மேல். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், பாதுகாப்பு தராது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே தண்ணீரை வெளியே தள்ளுவதற்காகச் செய்தது. நனைந்த துப்பாக்கிக்கு அருமையான முதலுதவி. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம். அதற்கு மேலே எண்ணெய் கட்டாயம் வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் வெளிப்புறத்துக்கு மெல்லிசாகக் கிரீஸோ மெழுகோ பூசலாம்.

துரு வந்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளைக் குத்துவிளக்கா அது? புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் துருவை எடுக்கும், கூடவே குழலின் கருநீலப் பூச்சையும் எடுத்துவிடும். அந்தப் பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். அமிலத்துக்கு நல்ல துரு, கெட்ட துரு என்ற பேதம் தெரியாது. செங்கல் பொடி, உப்புத்தாள், எமரி மூன்றும் வேண்டாம்.

துரு வந்த இடத்தில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் முரட்டுத் துணியால் தேயுங்கள். பூத்த மாதிரி இருப்பது அதிலேயே போய்விடும். அதற்கும் போகாத புள்ளிக்கு ஒரு செப்புக் காசை எடுத்து, எண்ணெய் ஈரத்தோடு ஓரத்தால் சுரண்டுங்கள். நான் வைத்திருப்பது பாட்டி சுருக்குப்பையில் கிடந்த ஓட்டைக் காலணா. செம்பும் வெண்கலமும் எஃகைவிட மிருதுவானவை. துருவைப் பெயர்க்கும், குழலைக் கீறாது. அதிலும் அடங்காததற்கு 0000 நம்பர் எஃகுப் பஞ்சு, அதுவும் எண்ணெயோடு, அழுத்தாமல்.

குழிவிழுந்திருந்தால் விஷயம் வேறு. குழியைத் தேய்த்து நிரப்ப முடியாது. வெளியே குழி என்றால் அழகுதான் கெடும். தோட்டா அறைக்குள் குழி என்றால் சுட்ட தோட்டா சிக்கிக்கொண்டு வராது. ஆழமாக இருந்தால் சுடவே கூடாது, பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லட்டும். பூச்சைத் திரும்பப் போடுவதிலும் ஒரு எச்சரிக்கை: இரட்டைக் குழல்கள் பல, மென்பற்றாசால், அதாவது சால்டரிங்கால் ஒட்டியவை. கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிப் பூச்சுப் போடுபவரிடம் கொடுத்தால் பற்றாசு அரித்துக் குழல்கள் விட்டுப்போகும்.

பீரோவில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அது போதாதா?

திருட்டுக்குப் போதும், ஈரத்துக்குப் போதாது. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் இரும்புப் பீரோவின் முதுகு கார்த்திகை மாதத்தில் வியர்க்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகைமேல் நிறுத்துங்கள். அறையில் வேறென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அறுவடை முடிந்த நெல் மூட்டை அதே அறையில் கிடக்கிறதா? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக மல்லுக்கட்டுகிறோம். அந்த ஈரமெல்லாம் அறைக் காற்றில்தான் இறங்குகிறது. உர மூட்டை, பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் ஆகியவற்றின் பக்கத்தில் துப்பாக்கி இருக்கவே கூடாது.

உறையில் போட்டு வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ரெக்ஸின், கான்வாஸ், தோல் எதுவானாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலில் பதனிட்ட ரசாயனமும் உண்டு. உறை பயணத்துக்கு மட்டும். பீரோவுக்குள் துப்பாக்கி வெறுமனே, வாய் கீழ்ப்பக்கமாக, ஒரு துணிமேல் நிற்கட்டும். அப்போதுதான் மிச்ச எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் வாய்வழியே வடியும். எண்ணெய் குடித்த மரம் பஞ்சாகிவிடும்.

அரைக் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகையாக வாங்கித் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழையபடி ஆகிவிடும். அந்தச் சட்டியில் சமைக்க வேண்டாம். அரிசியைக் கட்டிவைப்பது வீண். ஈரமானி ஒன்று சில நூறு ரூபாய்தான். பீரோவுக்குள் 50 பக்கத்தில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வாங்கும்போது துருவோடு வருகிறதே?

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 முடிவு. கிட்டத்தட்ட மூன்று மாதம் உங்கள் துப்பாக்கி யாரும் துடைக்காமல் நிற்கிறது. எனக்கு ஒருமுறை திரும்பக் கொடுத்தபோது, பக்கத்துத் துப்பாக்கியோடு சேர்த்துச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கயிறு பட்ட இடம் முழுக்க மோதிரம் மாதிரி துரு. யாரைக் குறை சொல்வது? அவர்களுக்குப் பந்தோபஸ்து வேலையே தலைக்கு மேல் இருந்தது.

ஒப்படைக்கும் முன் நன்றாகச் சுத்தம் செய்து, வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் போட்டு, வெளியே மெல்லிய கிரீஸ் பூசுங்கள். துருத் தடுப்புக் காகிதம் கிடைத்தால் குழலைச் சுற்றுங்கள். எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வாங்கிய அன்றே முழுச் சுத்தம் செய்துவிடுங்கள், மறுநாள் வேண்டாம்.

வங்கியில் கன்மேன் வேலை. ஏசியிலிருந்து வெளியே வந்தால் குழல் நனைகிறது.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் கதைதான். ஏசிக் குளிரில் இருந்த இரும்பு, வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். உறையைத் திட்டினேன் அல்லவா, இங்கே மட்டும் அது உதவும். உள்ளேயே உறையில் போட்டு மூடி வெளியே கொண்டுவாருங்கள், அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். ராத்திரி கை பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. எட்டு மணி நேரம் வியர்த்த உள்ளங்கை பிடித்திருந்த துப்பாக்கி அது.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டால்?

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய ராத்திரி, எங்கள் பக்கம் கூரையோடு பீரோவும் போன வீடுகள் உண்டு. அப்போது கற்றது இது. உடனே வெயிலில் காயவைக்காதீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் சேற்றையும் உப்பையும் கழுவுங்கள். குழலுக்கு வெந்நீர். துடைத்துவிட்டு, பொறியின் சந்துகளில் எல்லாம் டபிள்யூடி-40 அடித்து வடியவிட்டு, மறுநாள் எண்ணெய். கட்டையை நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் பிளக்கும். அந்த வாரத்துக்குள் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் பொறியைத் திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி வெள்ளத்தோடு போய்விட்டால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

தோட்டாக்களுக்கும் எண்ணெய் துடைக்கலாமா?

கூடாது. எண்ணெய் கேப்புக்குள் இறங்கினால் வெடிக்காமல் போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். ஊதிப்போன காகிதத் தோட்டாவும், பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவும் துப்பாக்கிக்குள் போகக் கூடாது. விற்ற கடையில் கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டுப் பீரங்கி 400 வருஷமாக மழையில் கிடக்கிறது. அதற்கு யார் எண்ணெய் போடுகிறார்கள்?

இதை என் மருமகன் கேட்டான், நல்ல கேள்வி. கீழவாசல் பக்கம் இருக்கும் ராஜகோபால பீரங்கி ரகுநாத நாயக்கர் காலத்தது. சுமார் 25 அடி நீளம். வார்த்தது அல்ல, நீள இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி அடித்து இறுக்கியது. அந்த இரும்பு இப்போதைய எஃகு இல்லை, கசடு கலந்த பழைய தேனிரும்பு. அதன்மேல் துருவே அடர்த்தியான தோலாகப் படிந்து உள்ளே காக்கிறது. அதோடு அது டன் கணக்கில் கனம். ஒரு மில்லிமீட்டர் போனாலும் யாருக்கும் தெரியாது. உங்கள் 12 போர் குழலின் சுவர் வாய்ப் பக்கத்தில் மொத்தமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைப்பது?

சுட்டால் அன்றே. சுடாவிட்டால் மாசியிலிருந்து ஆவணி வரை மாதம் ஒருமுறை, புரட்டாசியிலிருந்து தை வரை வாரம் ஒருமுறை. நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, வருஷம் முழுக்க வாரம் ஒருமுறைதான். நான் ஞாயிற்றுக்கிழமை, கறி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போது செய்துவிடுவேன்.